ஒரு நாளும் இறங்காத தெரு

தை முதல் நாள் காலையில், பானைகள் பொங்குவதற்கு முன்பே, எங்கள் தாழைவாசல் ஊரின் கிட்டங்கித் தெரு கிழக்கு முனையில் ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்றால், ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று அந்தத் தண்ணீரே கொஞ்ச நேரம் யோசிக்கும், மலையைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர்கள் நாங்கள், பஸ் ஸ்டாண்டில் நின்றால் நாலு ஊர் தள்ளி மாடு மேய்வது தெரியும். அப்படிப்பட்ட ஊரில், மேற்கு முனை இருந்த இடத்திலேயே இருக்க, கீல் வைத்த பெட்டி மூடி போல ஒரு தெரு மட்டும் எழுந்துவிட்டது. வீடுகள் சாயவில்லை, குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை, சுவரில் மாட்டிய படம் கோணவில்லை. ஒவ்வொரு வீடும் நேராக நின்றபடியே பக்கத்து வீட்டைவிடக் கொஞ்சம் உயரமாக நின்றது. யாரும் கத்தவில்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தபோது பானை பொங்கிவிட்டது, "பொங்கலோ பொங்கல்" சொல்லியாக வேண்டியிருந்தது.

நான் பக்கிரிசாமி. கேபிள் பக்கிரி என்றால்தான் ஊருக்குத் தெரியும். அந்தத் தெருவின் இருபத்திரண்டு வீட்டுக்கும் டிவி கேபிள் இழுத்தவன் நான். பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மேல்.

மறுநாள் தெரு இன்னொரு டிகிரி எழுந்தது, அதற்கு மறுநாள் இன்னொன்று, விடியும் நேரத்தில் ஒரு சத்தமும் இல்லாமல், தினம் ஒரு டிகிரி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாங்கள் பழகிக்கொண்டோம். சைக்கிளுக்குக் கல் முட்டுக் கொடுக்கப் பழகினோம், எலுமிச்சம்பழத்தைக் கையில் இறுக்கிப் பிடிக்கப் பழகினோம், கிழக்கே இருக்கிறவர்கள் வேலைக்குப் போகும்போது பிரேக் பிடித்துப் போகவும் திரும்பும்போது பெருமூச்சு விட்டு வரவும் பழகினோம். மீன்கார அஞ்சம்மாள் கூடையைத் தலையிலிருந்து இடுப்புக்கு மாற்றினாள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அவர்களுக்கு முறுக்கு விற்றோம். பெண் கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் மட்டும், "எங்க ஊர்ல தெருவெல்லாம் ஒழுங்காப் படுத்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், போகட்டும், அந்தப் பையனுக்கு முழியே சரியில்லை.

கவுன்சிலர் கலியமூர்த்தி டேப் பிடித்து அளந்தார். தெருவின் நீளம் நூறு மீட்டர், கடைசி வீடு முதல் நாளில் ஏறியது ஒன்றே முக்கால் மீட்டர். உடனே அவர் பஸ் ஸ்டாண்டில் நின்று அறிவித்தார்: "ஒரு நாளைக்கு ஒண்ணே முக்கால். தொண்ணூறு நாள் ஆனாலும் நூத்தம்பத்தேழு மீட்டர். ஒரு பெரிய கோபுரம், அவ்வளவுதான். யாரும் பயப்பட வேண்டாம்."

கூட்டத்துக்குப் பின்னால் குடையோடு நின்ற சின்னவல்லி டீச்சர், "கோணம்தான் தினம் ஒண்ணு, ஏத்தம் அப்படி ஏறாது" என்றார். "தரை அளவுல ஒரு மீட்டர் தள்ளிப் போனா எத்தனை மீட்டர் ஏறுறோம்னு சொல்றதுதான் டேன். அது மெதுவாப் போற மாதிரி போவும், அப்புறம் ஓடும், அப்புறம் பறக்கும். நாப்பத்தஞ்சாம் நாள் நூறு மீட்டர். எண்பதாம் நாள் ஐநூத்தி அறுபத்தேழு. எண்பத்தொம்போதாம் நாள் அஞ்சே முக்கால் கிலோமீட்டர்."

"தொண்ணூறாம் நாள் டீச்சர்?"

"அதுக்கு விடை கிடையாது."

அஞ்சம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஒரு நாளைக்கு விடை இல்லாட்டி என்னா? அமாவாசைக்கு நிலா இருக்கா? மறுநாளைக்கு இருக்குல்ல?"

"மறுநாளைக்கு இருக்கு" என்றார் டீச்சர். "ஆனா மைனஸ்ல இருக்கு."

அது என்னவென்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. ஆனால் தை ஒன்றிலிருந்து எண்ணிப் பார்த்தவர்கள் இன்னொரு தடவை எண்ணினார்கள். மாசி ஒன்றாம் தேதி முப்பது டிகிரி, பங்குனி ஒன்றாம் தேதி அறுபது டிகிரி, சித்திரை முதல் நாள் தொண்ணூறு. பஞ்சாங்கம் எழுதியவனும் தெருவைத் தூக்குகிறவனும் கலந்து பேசியது போல இருந்தது.

இங்கே அக்கா தங்கை கதையைச் சொல்லியாக வேண்டும். தெருவின் மேற்கு முனையில், கீல் இருந்த இடத்தில், முதல் வீடு சின்னவல்லி டீச்சருடையது, குமுதவல்லி என்று பெயர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். கிழக்குக் கோடியில் இருபத்திரண்டாம் வீடு அவருடைய அக்கா பெரியவல்லி டீச்சருடையது, சௌந்தரவல்லி, அவரும் கணக்குதான், ஓய்வு பெற்று ஒன்பது வருஷம், கணவர் காலமாகிவிட்டார், மகன் மஸ்கட்டில். இருவரும் ஆண்கள் பள்ளியில் இருந்தபோது அவர்களிடம் நான் படித்தேன், இருவரும் என்னை ஃபெயிலாக்கினார்கள், அந்த விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. மற்றபடி பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம் ஒரு கணக்கு. சின்னவல்லி ஒரு கைடு கம்பெனிக்கு விடைகள் எழுதிக் கொடுத்தார். அதில், டேனின் வர்க்கமும் டேனும் சமமாக இருக்கும் கோணம் எது என்று ஒரு கேள்வி. சின்னவல்லி இரண்டு பக்கமும் ஒரு டேனை அடித்துவிட்டு, டேன் ஒன்று, கோணம் நாற்பத்தைந்து என்று முடித்துவிட்டார். பெரியவல்லி அதைப் பார்த்தார். நூறு மீட்டர் நடந்து வந்து தங்கையிடம் சொல்லவில்லை, கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்: அடித்த டேன் பூஜ்ஜியமாக இருந்தால் என்ன செய்வாள்? பூஜ்ஜியமும் ஒரு விடை, அதைத் தொலைத்துவிட்டாள். கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள், தவறு செய்தவர் குமுதவல்லி என்று பெயர் போட்டே ஒட்டினார்கள். மாணவிகள் அந்தச் சீட்டை வகுப்பிலேயே பிரித்துப் படித்தார்கள். சின்னவல்லி ஒருநாளும் தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவல்லி ஒருநாளும் வருத்தம் என்று சொல்லவில்லை.

மாசி பாதியில் தெரு நாற்பத்தைந்து டிகிரிக்கு நின்றபோது, நகராட்சி படி வெட்டியும் பயனில்லாமல் ஒவ்வொரு வீடாகக் காலியானது. ஒருவர் பீரோவைக் கயிறு கட்டி இறக்கினார், ஒருவர் ஆட்டுக்கல்லை விட்டுவிட்டார், ஒருவர் மாமியாரை முதுகில் சுமந்து இறங்கினார், வழியெல்லாம் மாமியார் வழி சொல்லிக்கொண்டே வந்தார். பெரியவல்லி டீச்சர் மட்டும் இறங்கவில்லை. போனை அணைத்து வைத்துவிட்டார். நான் கப்பி மாட்டிக் கூடையில் அரிசி பருப்பு அனுப்பிக்கொண்டிருந்தேன், கேபிளையும் தினம் ஒட்டுப் போட்டு நீட்டினேன். எவ்வளவு நீட்டுவதென்று சின்னவல்லிதான் சொல்லிக் கொடுத்தார்: நூறை நூறால் பெருக்கு, ஏறின உயரத்தை அதே உயரத்தால் பெருக்கு, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடு. எடுத்தேன். ஒரு ஜாண் கூடவோ குறையவோ இல்லை. இரண்டு தடவை ஃபெயிலானவன் அந்த ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு, அளந்த கேபிள் சரியாகப் போய் முட்டியதைப் பார்த்து அழுதேன் என்றால் நம்ப மாட்டீர்கள்.

பங்குனி ஒன்றாம் தேதி காலை சின்னவல்லி டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். "நூத்தி எழுபத்து மூணு மீட்டர். இன்னிக்கு விட்டா என்னால ஏற முடியாது. கூட வா" என்றார். ஏறினோம். பூட்டிய வீடுகளைத் தாண்டி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கி, நாரைகள் எங்களுக்குக் கீழே பறக்க, ஊர் ஒரு கோலம் அளவுக்குச் சின்னதாகும் வரை ஏறினோம். கேபிள் அன்றைக்குச் சரியாக இருநூறு மீட்டர்.

"யாருடா பக்கிரி, ஒன் பின்னாடி மூச்சு வாங்குறது?" என்றார் பெரியவல்லி, வாசலுக்கு வராமலே.

"தங்கச்சி டீச்சருங்க."

"அது எனக்குத் தெரியும். தண்ணி குடிக்கிறாளான்னு கேட்டேன்."

சின்னவல்லி தண்ணீர் குடித்தார். பிறகு, "கீழ வந்துடுக்கா" என்றார்.

"பதினோரு வருஷம் கழிச்சு வந்து மொத வார்த்தையே உத்தரவா? புடவையைப் பாரு, கட்டியிருக்கற அழக."

"இன்னும் முப்பது நாள்தான் இருக்கு. தொண்ணூறாம் நாள் என்னாவும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுன்னுதாண்டி போறேன்." பெரியவல்லி அப்போதுதான் நேராகத் தங்கை முகத்தைப் பார்த்தார். "முப்பத்தாறு வருஷம் போர்டுல எழுதினேன். டேன் தொண்ணூறு, வரையறுக்கப்படவில்லை. வருஷத்துக்கு ஒரு புள்ளையாவது ஏன் டீச்சர்னு கேக்கும். பூஜ்ஜியத்தால வகுக்க முடியாது, ஒக்காருன்னு சொல்லுவேன். அது ஒக்காந்துடும். என்னாலதான் ஒக்கார முடியல. இப்போ என் வீடே, நான் சமைச்சுச் சாப்புட்டுத் தூங்குற வீடே, அந்த எடத்துக்குப் போவுது. அதை விட்டுட்டு எறங்கி வந்து ஒங்க பஸ் ஸ்டாண்டைப் பாத்துக்கிட்டு ஒக்காரச் சொல்றியா?"

"நீ திரும்பி வரலன்னா?"

"தொண்ணூத்தொண்ணுக்கு விடை இருக்குல்ல?"

"மைனஸ்ல இருக்கு."

"அப்போ மைனஸ்ல வருவேன். கீழேருந்து வருவேன்." பிறகு, "இன்னிக்கு வேகம் எவ்வளவு தெரியுமா?" என்று கேட்டார்.

ஒரு நாளின் டேனின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால், அன்றைக்கு முதல் நாளைப் போல எத்தனை மடங்கு வேகம் என்று தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. "மொத நாளைப் போல நாலு மடங்கு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அந்த லெட்டரை ஏன்க்கா எழுதினே? என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"தப்பு இருந்துச்சு, எழுதினேன். தப்புன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டியா நீ?"

அவ்வளவுதான். சின்னவல்லி எழுந்துவிட்டார். இறங்கும்போது வழியெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார், நான் காற்று அதிகமென்று சொல்லி அவர் முகத்தைப் பார்க்காமல் வந்தேன்.

அதன் பிறகு தெரு ஓடியது, பிறகு பறந்தது. பங்குனி இருபதில் கடைசி வீட்டைப் பார்க்க அண்ணாந்தவர்களின் துண்டு கீழே விழுந்தது. எண்பத்தைந்தாம் நாள் மேகம் எட்டாம் வீட்டோடு நின்றுவிட்டது, மேலே இருந்த வீடுகளுக்கு மழையே இல்லை. என் கயிறும் கேபிளும் தீர்ந்தன, கடைசிக் கூடையில் ஒரு மாதத்துக்கு வேண்டியதையும் இரண்டு கம்பளியையும் அனுப்பினேன், கூடை திரும்பி வரவில்லை. எண்பத்தொன்பதாம் நாள் காலையில் தெரு ஒரு கோடாக நின்றது, ஒரே நாளில் மூன்று கிலோமீட்டர் ஏறியிருந்தது, அந்தக் கோட்டை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து ஊர் முழுக்கக் கழுத்து வலி. இந்து, துலுக்கர், வேதக்காரர் எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று மேலே கைகூப்பினோம், யாரைக் கும்பிடுகிறோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

சித்திரை முதல் நாள் தெரு இல்லை.

இடிந்துபோகவில்லை, விழவில்லை, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சின்னவல்லி வீட்டுச் சுவரை ஒட்டி வானம் தொடங்கியது. அந்த வீட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, கீலிலேயே இருக்கிற வீட்டுக்கு உயரம் கிடையாது, அது தெருவோடு போகவும் முடியாது. அன்று முழுவதும் யாரும் உரக்கப் பேசவில்லை. வேப்பம்பூப் பச்சடி வைத்தோம், சாப்பிட்டோம், குழந்தைகள்கூட ஊஞ்சலை மெதுவாக ஆட்டின. சின்னவல்லி டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு, காலுக்கு முன்னால் தொடங்கிய அந்த வெட்டவெளியைப் பார்த்தபடி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். "அவ தனியாப் போயிட்டா" என்று ஒரு தடவை சொன்னார். ஆறுதல் சொல்ல எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை தெரு வந்திருந்தது. மேலே இல்லை. சின்னவல்லி வாசலிலிருந்து நேர் கீழே, பூமிக்குள், வெயில் எட்டாத ஆழத்துக்கு ஒரு கோடாக இறங்கியிருந்தது. எட்டிப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. சின்னவல்லி போனை எடுத்து, ஒன்றரை மாதமாக அணைந்திருந்த அக்காவின் எண்ணைப் போட்டார். எதிர்முனையில் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுடி கண்ணு" என்றார் பெரியவல்லி.

சின்னவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உயிரோடு இருக்கிறார் என்பதற்காக அழுதாரா, கண்ணு என்றதற்காக அழுதாரா என்று தெரியாது. அறுபத்தேழு வருஷத்தில் பெரியவல்லி யாரையும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. போனில் அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். "பால் காய்ச்சிக்கிட்டு இருந்தேன். வீடு மேல போவுது, போவுது, இன்னும் போவுது, ஆனா போய்ச் சேரல. பால் பொங்கப் போவுது, போவுது, பொங்கல. கண்ணைச் சிமிட்டினேன், கீழேருந்து ஏறி வந்துக்கிட்டு இருக்கேன். நடுவுல ஒரு எடமே இல்லடி. கதவு இல்ல, வாசப்படி இல்ல. மேலயும் கீழயும் ஒட்டிக்கிட்டு இருக்கற எடம். அதுல ஒரு எடம்கூட இல்ல." ஒருவர் அதைத் தேவாரம் மாதிரி இருக்கிறது என்றார், அஞ்சம்மாள் பிரசவம் மாதிரி இருக்கிறது என்றாள்.

தெரு மேலே வர வர வீட்டுக்காரர்கள் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். எல்லாம் மாறியிருந்தது. வலப்பக்கம் திறந்த கதவு இடப்பக்கம் திறந்தது. சுவிட்சைப் போட்டால் விளக்கு அணைந்தது. ஊறுகாய் தித்தித்தது. ஒரு வாரத்தில் அதற்கும் பழகினோம். கஞ்சப்பயல் என்று பெயரெடுத்த ஒருவரின் பூட்டிய வீட்டில் பூனைக்குப் பால் வைத்திருந்தது, யார் வைத்தது என்று விசாரிக்கவில்லை.

சித்திரை கடைசி நாள், நூற்றிருபது டிகிரி, ஆழம் நூற்றெழுபத்து மூன்று மீட்டர். பங்குனி ஒன்றில் நாங்கள் ஏறிய அதே அளவு. சின்னவல்லியும் நானும் இறங்கினோம். பெரியவல்லி பாதிப் படிக்கே வந்து தங்கையைக் கட்டிக்கொண்டார். அவருடைய இடக் கன்னத்து மச்சம் வலக் கன்னத்துக்கு மாறியிருந்தது, வலக் கைப் பழக்கமுள்ளவர் இடக் கையால் தங்கையின் தலையைத் தடவினார்.

"எல்லாம் என் தப்புதாண்டி. அந்த லெட்டரை நான் எழுதியிருக்கவே கூடாது."

பதினோரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. சின்னவல்லியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"நீ அடிச்சது சரிதான். டேனை அடிக்கலாம்டி, தாராளமா அடிக்கலாம்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. "பூஜ்ஜியமா இருந்தா?" என்றார் சின்னவல்லி, மெதுவாக.

"இருந்தா இருந்துட்டுப் போவுது."

சின்னவல்லி அக்காவின் கையை எடுத்துவிட்டார். கீழே கிடந்த ஓட்டுத் துண்டை எடுத்து வீட்டுச் சுவரில் எழுதத் தொடங்கினார், வகுப்பில் எழுதுவது போலவே, வரிக்கு வரி கோடு போட்டு. அடிக்காமல் ஒரு பக்கம் கொண்டுவந்தார், பொதுவாக இருந்ததை வெளியே எடுத்தார், இரண்டு விடை வந்தது. "பாரு. டேன் பூஜ்ஜியம்னா தெரு தரையில படுத்திருக்கற நாள். அதை அடிச்சா அந்த நாளே இல்லன்னு ஆயிடும். நீயும் நானும் இந்தத் தெருவுல பாவாடையைச் சுருட்டிக்கிட்டு ஓடின நாளெல்லாம் இல்லன்னு ஆயிடும். அதைத்தான் நான் அடிச்சேன். நான் பண்ணினதுதான்க்கா தப்பு. மஞ்சச் சீட்டு ஒட்டினது சரிதான்."

"அப்படியா? நீ சொன்னா சரிதான் கண்ணு."

"நீ சொன்னா சரின்னு சொல்லாத!" என்று கத்தினார் சின்னவல்லி. அந்தக் குழியெல்லாம் எதிரொலித்தது. பெரியவல்லி சிரித்தபடி, கத்தினாலும் சரிதான் என்பது போலத் தலையாட்டினார்.

மேலே ஏறும்போது சின்னவல்லி பாதியில் உட்கார்ந்து சொன்னார்: "இது என் அக்கா இல்ல பக்கிரி. இது என் அக்காவுக்கு மைனஸ். நான் வாயைத் தொறந்து தப்புன்னு சொன்னேன், கேக்கறதுக்கு அவ இல்ல."

"எப்ப டீச்சர் ப்ளஸ் ஆவாங்க?"

"நூத்தி எண்பதுல பூஜ்ஜியம். அன்னிக்கு ப்ளஸ்ஸும் இல்ல, மைனஸும் இல்ல. நூத்தி எண்பத்தொண்ணு வரணும்."

அங்கேதான் வந்தது சிக்கல். ஊர் முழுக்க நூற்று எண்பதாம் நாளை, ஆனி இருபத்தொன்பதைத்தான் எதிர்பார்த்திருந்தது. அன்று தெரு மட்டமாகும், அத்தோடு நின்றுவிட வேண்டும், இதுதான் வேண்டுதல். மாரியம்மனுக்குக் கூழ், தர்காவுக்குச் சர்க்கரை, மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி எல்லாம் நேர்ந்தாயிற்று. கவுன்சிலர் அன்றைக்கென்று கிழக்கு முனையில் கொட்ட எட்டு லோடு கான்கிரீட் சொல்லி வைத்தார். பள்ளிக்கூடத்திலும் உறவினர் வீட்டிலும் நாலரை மாதமாகப் பாய் விரித்துப் படுத்தவர்கள் அவர்கள், அவர்களை எப்படிக் குற்றம் சொல்ல முடியும்? ஊரே நில் என்று கும்பிட, ஒரே ஒருத்தி மட்டும் இன்னும் ஒரு டிகிரி, ஒரே ஒரு டிகிரி என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும்தான் அது தெரியும். நான் யார் பக்கம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மேலே போனபோதும் தெரு ஏறியது, ஆழத்திலிருந்து வந்தபோதும் ஏறியது. வேகம் ஒன்றுக்குக் குறைந்ததே இல்லை, ஏனென்றால் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் அது ஒன்றுக்குக் கீழே போகாது. இந்தத் தெரு ஒரு நாளும், ஒரு நாழிகையும் இறங்கவே இல்லை. ஏறிக்கொண்டே போய், ஏறிக்கொண்டே வந்து, புறப்பட்ட இடத்தைத் தொடப் போகிறது. இதை நினைத்துக்கொண்டு கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த எனக்கு இறங்கவே மனம் வரவில்லை, கீழே ஒருவர் சீரியல் தெரியவில்லை என்று சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினேன்.

ஆனி இருபத்தொன்பதாம் தேதி காலை தெரு பலகை போலப் படுத்திருந்தது. ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தோம், எந்தப் பக்கம் போவதென்று யோசித்தது. வெடி போட்டார்கள். கான்கிரீட் கொட்டினார்கள். பெரியவல்லி டீச்சர் வாசலில் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை, திட்டவில்லை, யார் எது கேட்டாலும் "ம்" என்றார். சின்னவல்லி நூறு மீட்டர் நடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா, நான் பண்ணினது தப்பு" என்றார். "ம்" என்றார் பெரியவல்லி. சாயந்திரம் எழுந்து வந்துவிட்டார் சின்னவல்லி, வெடிச்சத்தம் நடுவே தலைகுனிந்து அவர் நடந்து வந்ததை மகிழ்ச்சியில் இருந்த யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது எட்டு லோடு கான்கிரீட்டோடு சேர்ந்து கிழக்கு முனை ஓர் ஆள் உயரம் எழுந்திருந்தது.

"அய்யோ" என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. கவுன்சிலர் கான்கிரீட் மேல் ஏறி நின்று எதையோ சொல்ல முயன்றார், அஞ்சம்மாள் சோர்ந்துபோய்க் கூடையை மறுபடி தலையிலிருந்து இடுப்புக்கு மாற்றினாள், வீட்டுச் சாமான்களை ஏற்றி வந்த வண்டிகள் அப்படியே நின்றன. அந்தச் சரிவில், இடக் கன்னத்தில் மச்சத்தோடு, வலக் கையில் குடையை ஊன்றியபடி, பெரியவல்லி டீச்சர் வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். வழியில் நின்றவர்களை விலகச் சொல்லவில்லை, அவர்களாகவே விலகினார்கள். முதல் வீட்டின் முன்னால் வந்து நின்றார், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக. சின்னவல்லி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவல்லி தங்கையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"ஏண்டி, மனுஷி இருக்கற வீட்டுக் கதவுக்கு யாராவது இப்படிப் பச்சை அடிப்பாங்களா? மாட்டு ஆஸ்பத்திரி மாதிரி. பதினோரு வருஷமா இதைச் சொல்லணும் சொல்லணும்னு வாயிலேயே வச்சுக்கிட்டு இருக்கேன்."

சின்னவல்லி சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒன்றாகச் செய்தார். பிறகு அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ திட்டுக்கா" என்றார்.